கோழிக்கறியில் கிருமியை எதை வைத்து மடக்குவது? வேட்டை பாக்டீரியா, ஃபேஜ், அமிலம், குளோரின்: ஓர் ஒப்பீடு

மதுரை ஒத்தக்கடை பக்கம் ஒரு நண்பர் சிறிய யூனிட் போடுகிறார். கறிக்கோழியை வெட்டி, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு மெஸ்களுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் சப்ளை செய்வதாகத் திட்டம். ஒரு நாளைக்குச் சில நூறு கோழி என்ற அளவுதான். இடம் பிடித்தாகிவிட்டது, போர் தண்ணீர் இருக்கிறது, இறகு பிடுங்கும் மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. கையில் மிச்சம் இருக்கிற பணத்தில் கிருமிக் கட்டுப்பாட்டுக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். "குளோரின் என்றாலே கெமிக்கல் என்று முகம் சுளிக்கிறார்கள். பாக்டீரியாவைத் தின்கிற பாக்டீரியா ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கித் தெளித்துவிட்டால் என்ன?"

நான் நுண்ணுயிரியல் படித்தவன். சிறு உணவுத் தொழில் செய்கிறவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த வேட்டை பாக்டீரியா மீது எனக்குத் தனிப் பிரியமே உண்டு. ஆனாலும் அவருக்கு நான் சொன்ன பதில் "உங்கள் கடைக்கு இப்போது வேண்டாம்" என்பதுதான். ஏன் வேண்டாம், எங்கே வேண்டும், அதற்குப் பதில் எதில் பணம் போடலாம் என்பதை விளக்கமாக எழுதினால் இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

1962-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் ஸ்டோல்ப் என்ற ஆய்வாளர் மண்ணில் ஃபேஜ் தேடிக்கொண்டிருந்தார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். தேடும் முறை எளிமையானது. தட்டில் ஒரு பாக்டீரியாவைப் படலமாக வளரவிட்டு, மண் கரைத்து வடிகட்டிய நீரை அதோடு சேர்க்க வேண்டும். ஃபேஜ் இருந்தால் ஒரு நாளைக்குள் படலத்தில் தெளிவான வட்ட ஓட்டைகள் விழும். ஸ்டோல்பின் தட்டுகளில் சில ஓட்டைகள் தாமதமாக, இரண்டு மூன்று நாள் கழித்து விழுந்தன. விழுந்த பிறகும் நிற்காமல் விரிந்துகொண்டே போயின. படலத்து பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்திய பிறகு ஃபேஜ் ஓட்டைகள் பொதுவாக இப்படி விரிவதில்லை. நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய, வளைந்த ஒரு பாக்டீரியா மற்ற பாக்டீரியாக்களின் மேல் வேகமாக மோதிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் ப்டெல்லோவிப்ரியோ பாக்டீரியோவோரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இது வேட்டையாடும் விதத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நீளம் ஒரு மைக்ரான் சுமார், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பின்னால் ஒற்றை வால். அதைச் சுழற்றி ஒரு நொடிக்குத் தன் உடம்பு நீளத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் பாய்ந்து செல்லும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா போன்ற இரையின் மேல் மோதி ஒட்டிக்கொள்ளும். தோது சரியாக இருந்தால் இரையின் வெளிச் சவ்வில் ஓட்டை போட்டு உள்ளே நுழைந்து, வந்த வழியை அடைத்துவிடும். அது போய் உட்காருகிற இடம் வெளிச் சவ்வுக்கும் உள் சவ்வுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. குச்சி மாதிரி இருந்த இரை கொஞ்ச நேரத்தில் உருண்டையாகிவிடும். அதன் உள்ளே இருக்கிற புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் நொதிகளால் கரைத்து உறிஞ்சி, நீண்ட இழையாக வளரும். தீனி தீர்ந்ததும் அந்த இழை துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் வால் முளைத்து, கூட்டை உடைத்துக்கொண்டு அடுத்த வேட்டைக்குக் கிளம்பும். ஒரு ஈ.கோலையிலிருந்து 3 முதல் 6 குட்டிகள் வரும். நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை 3 முதல் 4 மணி நேரம்.

மண்ணிலும் ஆற்று நீரிலும் சாக்கடையிலும் உலகம் முழுக்க இது இருக்கிறது. வைகைக் கரையில் ஒரு கைப்பிடி ஈர மண்ணை எடுத்தால் அதிலும் இருக்கும் என்றே நான் நம்புகிறேன். மனித உயிரணுவை இது தாக்குவதில்லை. நம் குடலிலிருந்தே இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியையும் இது ஒரே மாதிரிதான் தின்கிறது. மருந்தை எதிர்க்கும் சக்தி இதன் வாயிலிருந்து தப்பிக்க அந்தக் கிருமிக்கு உதவாது.

இவ்வளவு நல்ல குணம் இருந்தும் ஏன் கோழிக்கடைக்கு வேண்டாம் என்கிறேன்?

கடையில் கிருமி எப்படிப் பரவுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த முறையையும் ஒப்பிட முடியாது. கோழியின் குடலில் மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லாவும் காம்பைலோபாக்டரும் இருக்கலாம், கோழியிடம் நோய் அறிகுறி எதுவும் தெரியாது. அறுத்த கோழியை 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் முக்குகிறோம். ஒரே தொட்டியில் நாற்பதாவது கோழி முக்கும்போது அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். அப்புறம் இறகு பிடுங்கும் டிரம். அதன் உள்சுவரில் ரப்பர் விரல்கள் இருக்கின்றன. புதிதாக இருக்கும்போது வழவழப்பாக இருக்கும், சில மாதத்தில் ஒவ்வொரு விரலிலும் மயிரிழை போல வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள் கொழுப்பும் கழிவும் போய் அடைந்துகொள்ளும். மேலே தண்ணீர் அடித்தால் வெளியே வராது. விரலை வளைத்துப் பார்த்தால்தான் உள்ளே கறுப்பாக ஒரு கோடு தெரியும். ஒரு கோழியின் கிருமி அடுத்த ஐம்பது கோழிக்கும் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் குடல் எடுக்கும்போது கத்தி பட்டுக் குடல் கிழிவது, வெட்டுக்கட்டையின் கீறல்கள், நாள் முழுக்க ஒரே பக்கெட் தண்ணீரில் கை அலசுவது. கடைசியாக வண்டி. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தெர்மோகோல் பெட்டிக்குள் ரெண்டு கட்டி ஐஸ் போட்டு, நாலு கடை சுற்றி மதியம் கடைசிக் கடைக்குப் போகிற கறியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நல்ல சூட்டில், நல்ல தீனியில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 4 மணி நேரத்தில் 12 முறை. ஒன்று 4,096 ஆகும். கறியின் மேல் அவ்வளவு வேகம் இருக்காதுதான், ஆனாலும் போக்கு இதே போக்குதான்.

நெல்பேட்டையில் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் கோழியை வாங்கிப் போய் ஒரு மணி நேரத்தில் குழம்பு வைத்துவிடுகிறவர்களுக்கு இந்த நேரப் பிரச்சினை குறைவு. கொதிக்கிற குழம்பில் சால்மோனெல்லா தப்பாது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டாலே போதும். ஆபத்து வேறு வழியாக வருகிறது. அதே பலகையில் அதே கத்தியால் பிரியாணிக்குப் பச்சடி வெங்காயம் நறுக்குவதில் வருகிறது. மெஸ் சமையலறையில் காலை பதினோரு மணி அவசரத்தில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. அதனால் சப்ளை செய்கிறவர் கறியை எவ்வளவு குறைந்த கிருமியோடு அனுப்புகிறாரோ அவ்வளவுக்கு யாரோ ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பிக்கும். நான் இதில் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வதற்குக் காரணமே இதுதான்.

வேட்டை பாக்டீரியாவைக் கறிமேல் தெளித்தால்

முதல் தடை சூடு. ப்டெல்லோவிப்ரியோ சுறுசுறுப்பாக வேட்டையாடுவது 28, 30 டிகிரியில். கறியை வைக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே. அந்தக் குளிரில் இரையும் வளராது, வேட்டைக்காரனும் அசையமாட்டான். சரி, வேட்டைக்காரன் வேலை செய்யட்டும் என்று கறியை அறைச் சூட்டில் சில மணி நேரம் வைக்கலாமா? வைத்தால் மற்ற கிருமிகளுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த மற்ற கிருமிகள் யார் என்பதுதான் இரண்டாவது தடை. ப்டெல்லோவிப்ரியோ நுழைந்து உட்காரும் இடுக்கு கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவில்தான் இருக்கிறது. சால்மோனெல்லா, ஈ.கோலை, ஷிகெல்லா, கறியைக் கெடுத்து நாற்றம் உண்டாக்கும் சூடோமோனாஸ் எல்லாம் இந்த வகை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், லிஸ்டீரியா, பேசில்லஸ் சீரியஸ், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் எல்லாம் வெளிச் சவ்வே இல்லாத கிராம் பாசிட்டிவ் வகை. அவற்றை இது இந்த முறையில் வேட்டையாட முடியாது. வெட்டுகிறவர் கையில் ஒரு சிறு புண் இருந்தால் அதிலிருந்து கறிக்கு வருவது ஸ்டெஃபைலோகாக்கஸ். அறைச் சூட்டில் அது பெருகி விஷத்தைச் சுரந்துவிட்டால் அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆக, சால்மோனெல்லாவைக் குறைக்கப் போய் இதை வளர்த்துவிடக்கூடாது.

மூன்றாவது, எண்ணிக்கை. இரை மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் இருந்தால்தான் வேட்டை பாக்டீரியா பெருகித் தாக்குப்பிடிக்கும். அறுத்த கோழியின் தோலில் சால்மோனெல்லா இருந்தாலும் பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் நோய்க்கு அந்தக் கொஞ்சமே விதை. கொஞ்சமாக இருக்கிற இரையைத் தேடிப் பிடிக்க வேட்டைக்காரனை ஏராளமாகக் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டினாலும் கடைசி இரை வரை துடைத்து எடுப்பதில்லை. இரையில் ஒரு பகுதி தற்காலிகமாகத் தாக்குப்பிடித்து நின்றுவிடுகிறது. அந்தத் தாங்கும் தன்மை பிள்ளைக்குப் பேரனுக்கு என்று நிரந்தரமாகக் கடத்தப்படுவதில்லை என்பது ஆறுதலான விஷயம். ஆனால் தட்டில் "ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது" என்பதும், கடையில் "இல்லை" என்பதும் வேறு வேறு.

நான்காவது, சட்டம். விற்கிற உணவில் புதிதாக ஒரு உயிருள்ள நுண்ணுயிரைச் சேர்க்க வேண்டுமென்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைப் பெறுவது ஒரு சிறு யூனிட் தனியாகச் செய்கிற காரியம் அல்ல. யாராவது டப்பாவில் அடைத்து "கிருமி தின்னும் கிருமி" என்று விற்க வந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

ஃபேஜ்

வேட்டை பாக்டீரியாவின் சித்தப்பா பிள்ளை என்று பலர் நினைக்கிற ஃபேஜ் உண்மையில் வேறு ஜாதி, வைரஸ். 1896-இலேயே எர்னஸ்ட் ஹான்கின் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். 1917-இல் ஃபெலிக்ஸ் தெரேல் அதற்குப் பெயரும் விளக்கமும் கொடுத்தார். உணவில் ஃபேஜ் வேட்டை பாக்டீரியாவைவிடப் பல வருடம் முன்னால் போய்விட்டது. சமைக்காமல் அப்படியே சாப்பிடும் இறைச்சிப் பொருட்களின் மேல் லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிக்க 2006-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு ஃபேஜ் கலவைக்கு அனுமதி கொடுத்தது. பிறகு சால்மோனெல்லாவுக்கான கலவைகளும் அங்கே புழக்கத்துக்கு வந்தன.

கறிக்கடைக் கண்ணோடு பார்த்தால் ஃபேஜுக்குச் சில சாதகம் உண்டு. ருசி, நிறம், மணம் எதுவும் மாறாது. வேண்டிய கிருமியை மட்டும் குறிவைக்கும், தயிர் உறையும் பாக்டீரியா மாதிரி நல்லவற்றைத் தொடாது. அந்தக் குறி கூர்மையே பாதகமும் ஆகிறது. ஒரு ஃபேஜ் சால்மோனெல்லாவில் சில ரகங்களை மட்டும் தாக்கும், அதனால் பலவற்றைக் கலந்துதான் கொடுக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் கிருமி தன் மேல்தோலின் அமைப்பை மாற்றிக்கொண்டு ஃபேஜுக்கு அடங்காத ரகமாகவும் மாறிவிடும். வேட்டை பாக்டீரியாவிடம் அப்படி நிலையாகத் தப்பிப்பது கிருமிக்குக் கஷ்டம், அது பல ரகங்களையும் ஒரே வாயில் தின்னும். இந்த ஒரு விஷயத்தில் வேட்டை பாக்டீரியாவுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் சட்டப்படி, கையில் கிடைக்கிற பொருளாக, எதிர்காலத்தில் நம் ஊர்க் கறிக்கடைக்கு முதலில் வரப்போவது ஃபேஜாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அமிலமும் தயிரும்

பாக்டீரியாவை பாக்டீரியாவால் மடக்குவது நமக்குப் புதிதல்ல. இட்லி மாவு புளிப்பதும், பழைய சோறு இரவு தாண்டி நிற்பதும், தயிர் உறைவதும் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாவால். புளிப்பை அளக்கும் பி.எச். எண் (புளிப்பு கூடக் கூட இது இறங்கும்) 4.5 பக்கம் இறங்கியதும் பெரும்பாலான நோய்க் கிருமிகள் வளர முடியாமல் முடங்கும். அந்த அமிலத்தையே தனியாக எடுத்து 2 முதல் 5 சதவீதக் கரைசலாக மாட்டிறைச்சி உடல்மேல் தெளிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அனுமதித்தது. கோழிக்கும் இது வேலை செய்யும். அளவு கூடினால் தோல் வெளுத்து, லேசாகப் புளிப்பு வாடை வரும். பிரியாணிக் கடைக்காரர் எப்படியும் தயிரில் ஊறவைக்கப் போகிறார், அவருக்கு அந்த வாடை பெரிதில்லை. சுக்கா, கிரேவி போடுகிற மெஸ்காரர் "கறி பழசா?" என்று கேட்டுவிடுவார்.

தயிரில் ஊறவைத்தாலே கிருமி செத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. வளர்ச்சி குறையும், கொல்வதற்கு அந்த அமிலம் போதாது. வீட்டில் மஞ்சள், உப்பு போட்டு அலசுவதையும் கிருமி நீக்கும் முறையாக நம்பி இருக்க முடியாது. வாடை போகும், கொழகொழப்பு போகும், அவ்வளவுதான். குழாயடியில் பலமாகத் தண்ணீர் விட்டு அலசினால் தெறிக்கிற துளிகளோடு கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது.

லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் நிசின் என்ற பொருளையும் சிலர் கேட்கிறார்கள். சீஸில் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அது கிராம் பாசிட்டிவ் கிருமிகளை மட்டுமே தாக்கும், சால்மோனெல்லாவின் வெளிச் சவ்வைத் தாண்டாது. பச்சைக் கோழிக்கு இதை வாங்க வேண்டாம்.

குளோரின்

எல்லாரும் திட்டுகிற, ஆனால் சரியான அளவில் போட்டால் உண்மையாக உழைக்கிற பொருள். அமெரிக்காவில் கோழி குளிர்விக்கும் தொட்டித் தண்ணீரில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் குளோரினில் கழுவிய கோழியை ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது: கடைசியில் ஒரு கழுவலை நம்பி, பண்ணையிலும் அறுக்கும் இடத்திலும் சுத்தத்தை விட்டுவிடுவார்கள் என்பதே அவர்களின் பெரிய கவலை. எனக்கு அதில் முழு உடன்பாடு. குளோரின் வேண்டும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நம் ஊரில் குளோரின் தோற்பதற்குக் காரணம் அளவு தெரியாமல் போடுவது. 30 சதவீத வீரியமுள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால், 100 லிட்டர் தண்ணீரில் 50 பிபிஎம் வர சுமார் 17 கிராம் போதும். வெட்டுமேசை, கத்தி, டிரம் துடைக்க 200 பிபிஎம் வேண்டுமானால் 10 லிட்டருக்கு 7 கிராம் சுமார். சமையல் கரண்டியால் கண்மதிப்பாகக் கொட்டினால் ஒருநாள் மூக்கைப் பிடிக்கும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. தராசில் நிறுத்துப் போடுங்கள். முதலில் ஒரு பக்கெட்டில் கரைத்து, கசடு கீழே தங்கியதும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் சேருங்கள். கறி தொடும் தண்ணீருக்கு உணவுத் தர ஹைப்போகுளோரைட் திரவமே இன்னும் நல்லது. பாட்டிலில் போட்டிருக்கிற வீரியத்தைப் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். பவுடர் மூட்டையைத் திறந்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் வீரியம் போய்விடும். போன மாதக் கணக்கை இந்த மாதம் நம்பாமல் டெஸ்ட் ஸ்ட்ரிப் வைத்துப் பாருங்கள்.

ரத்தமும் கொழுப்பும் கலந்ததும் குளோரின் அவற்றோடு சேர்ந்து தீர்ந்துவிடும். தொட்டித் தண்ணீர் சிவந்துவிட்டது என்றால் அதில் குளோரின் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த கோழி. இன்னொன்றும் உண்டு, இது உயிர்ப் பிரச்சினை: குளோரின் கரைசலில் வினிகரோ வேறு அமிலமோ கலந்துவிடக் கூடாது, விஷ வாயு கிளம்பும். இரண்டு முறையையும் ஒன்றாகச் செய்தால் இரட்டைப் பலன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேட்டை பாக்டீரியா ஜெயிக்கிற இடங்கள்

இப்போது என் பிரியத்துக்கு வருகிறேன். கடையில் தோற்கிற அதே குணங்கள் பண்ணையில் சாதகமாகின்றன. அங்கே சூடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, குடலில் இரை ஏராளமாக இருக்கிறது, நேரமும் இருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் சால்மோனெல்லா கொடுத்த கோழிக்குஞ்சுகளுக்கு ப்டெல்லோவிப்ரியோவை வாய்வழி புகட்டினார்கள். குடல் முனைப் பையில் சால்மோனெல்லா குறைந்தது, அழற்சியும் குறைந்தது. ஒப்பீட்டுக்கு வேட்டையாட முடியாத ரகத்தைக் கொடுத்த குஞ்சுகளில் அந்தப் பலன் வரவில்லை. ஆக, பலன் வேட்டையால்தான் வந்தது. கோழியின் உடல் சூடு 41 டிகிரி பக்கம், அது இந்த பாக்டீரியாவுக்கு உகந்த சூட்டைத் தாண்டியது. அப்படியும் வேலை செய்தது என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை. முழுதாக ஒழிக்கவில்லை, குறைத்தது. குறைந்தால்கூட வெந்நீர்த் தொட்டிக்கும் ரப்பர் விரலுக்கும் போகிற கிருமி அந்த அளவுக்குக் குறையும்.

இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது, தடை செய்தது மிகச் சரி. ஆனால் மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பண்ணைக்காரர் கையில் என்ன கொடுப்பது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து மதுரைக்கு வருகிற கறிக்கோழிக்கு, தீவனத்திலோ தண்ணீரிலோ வேட்டை பாக்டீரியா கலந்து கொடுப்பது நடக்கக்கூடிய ஒன்று. அதற்கான ஆராய்ச்சிக்குத்தான் பணமும் ஆளும் போக வேண்டும்.

இன்னொரு இடம், எவர்சில்வர் பரப்பு. 1996-இலேயே அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் எவர்சில்வர் தகட்டில் ஒட்டிக்கொண்ட ஈ.கோலை, சால்மோனெல்லாவை ப்டெல்லோவிப்ரியோ குறைப்பதைக் காட்டினார்கள். கிருமிகள் சேர்ந்து பசை போர்த்திக்கொண்டு வாழ்கிற பயோஃபிலிமுக்குள்ளும் இது நுழைந்து தின்னும். குளோரின் தடுமாறுகிற இடமே அதுதான். வெட்டுமிடத்துத் தரை வடிகால் மாதிரி உணவைத் தொடாத, ஈரமான, கதகதப்பான மூலைகளில் இரவு முழுக்க இதை விட்டு வைக்கும் நாள் வரலாம். காளானில் பழுப்புப் புள்ளி உண்டாக்கும் சூடோமோனாஸ் டோலாசியை இது குறைத்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. கடல் நீரில் இதன் உறவினரான ஹாலோபாக்டீரியோவோரக்ஸ், சிப்பிகளில் விப்ரியோ கிருமியை மட்டுப்படுத்துகிறது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் இறால் குட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆள் அவர்.

கோழியை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருகிறேன். மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் வந்திறங்கும் மல்லி, புதினாவில்தான் எனக்குக் கோழியைவிடப் பயம் அதிகம். கீரையை வேகவைக்கிறோம், மல்லிச் சட்னியைப் பச்சையாக அரைக்கிறோம். அங்கே இன்றைக்கு 50 முதல் 100 பிபிஎம் குளோரின் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுவதைத் தவிர எளிய வழி இல்லை. அதுவும் மண்ணை முதலில் அலசிய பிறகு. வேட்டை பாக்டீரியாவுக்கு நீந்தத் தண்ணீர்ப் படலம் வேண்டும், காய்ந்த இலைமேல் அதனால் நகர முடியாது.

என்ன முடிவு செய்தோம்

நண்பரின் பணத்தை நான் வரிசைப்படுத்திக் கொடுத்தது இப்படி. பெரும்பகுதி குளிருக்கு: அறுத்து, குடல் எடுத்த கோழி நேராக ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்கு, அங்கிருந்து 5 டிகிரிக்குக் கீழே உள்ள அறைக்கு, வண்டியில் இன்சுலேட்டட் பெட்டியும் உள்ளே ஒரு தெர்மாமீட்டரும். ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும், உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அடுத்து, அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று நடுவில் ஒரு சுவர். அறுத்து இறகு பிடுங்குகிற ஆள் அன்றைக்கு வெட்டுமேசைப் பக்கம் வரக் கூடாது. ரப்பர் விரல்களை வெடிப்பு விட்டதும் மாற்றுவதற்குத் தனியாக ஒரு தொகை. மரக்கட்டைக்குப் பதில் வெள்ளைப் பாலிஎத்திலீன் பலகை, கீறல் விழுந்ததும் இழைத்துக்கொள்ளலாம். அப்புறம்தான் குளோரின், ஒரு நல்ல தராசு, டெஸ்ட் ஸ்ட்ரிப். இதற்கு ஆகும் செலவு மற்றதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. லாக்டிக் அமிலத்தைப் பிரியாணிக் கடைக்குப் போகிற கறிக்கு மட்டும், அவர்களிடம் சொல்லிவிட்டு, பிறகு முயன்று பார்க்கலாம் என்றேன்.

"இயற்கை முறை" போர்டு வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பதில் அறுத்த நேரத்தையும் குளிர் அறைச் சூட்டையும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடிக்கச் சொன்னேன். மெஸ்காரருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை, கூடவே "பச்சைக் கறிப் பலகையில் பச்சடி நறுக்காதீர்கள்" என்று ஒரு வரி.

வேட்டை பாக்டீரியாவை அவர் அடியோடு மறந்துவிட வேண்டியதும் இல்லை. கோழி எடுக்கும் பண்ணையாரிடம் அவருக்கு நல்ல பழக்கம். நம் ஊரில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒத்தக்கடையிலேயே 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. மாணவர் ஒருவருக்கு இது அருமையான புராஜெக்ட்: பண்ணைக் கழிவுநீரை எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதே பண்ணையின் சால்மோனெல்லா படலத்தின் மேல் விட்டு, முதல் நாள் விழும் ஓட்டைகளை ஃபேஜ் என்று தனியே குறித்து வைத்து, மூன்றாம் நாளிலிருந்து விழுந்து விரிகிற ஓட்டைகளைத் தேட வேண்டும். அதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பண்ணையிலிருந்து மாதிரி எடுத்துத் தர அவர் சம்மதித்திருக்கிறார். ஆர்வமுள்ள மாணவர்களும் வழிகாட்டும் ஆசிரியர்களும் அவரவர் ஊர்ப் பண்ணையில் இதையே தொடங்கலாம்.